கட்டடம் அப்புறம், முதலில் ஆள்: கிராம நூலகம் பற்றி வாசகர் கேள்விகள்

சொந்த ஊரில் நூலகமும் படிப்பு மையமும் தொடங்க நினைப்பவர்கள் தங்கள் சந்தேகங்களை எழுதலாம் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான், ஊர்ப் பெயர் மட்டும் மாறுகிறது. அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம்.

எங்கள் ஊரில் முந்நூறு வீடுகள். ஊர்க்காரர்கள் பலர் சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலையில் இருக்கிறார்கள். நூலகத்துக்கு ஐந்து லட்சம் வரை சேரும் என்று சொல்கிறார்கள். பெரியவர் ஒருவர் மூன்று சென்ட் இடம் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். கட்டட வேலையை எங்கிருந்து ஆரம்பிப்பது?
- ஒரு வாசகர், பட்டுக்கோட்டை வட்டம்

கட்டட வேலையை இப்போதைக்கு ஆரம்பிக்க வேண்டாம். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் கதவைத் திறக்கப்போவது யார், அவருக்கு மாதம் என்ன கொடுப்பீர்கள், அவர் ஊருக்குப் போனால் மாற்று ஆள் யார், இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு செங்கல்லைப் பற்றிப் பேசுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கட்டடம் கட்டிப் பார்த்த அனுபவம் தமிழ்நாட்டுக்கு நிறையவே இருக்கிறது. 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் அநேகமாக எல்லா ஊராட்சிகளிலும் நூலகம் கட்டினார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள், அத்தனையிலும் ஓர் அறை, அலமாரி, புத்தகம், நாற்காலி. இந்தியாவில் வேறு எத்தனை மாநிலங்களில் இப்படி ஒரு காரியம் நடந்திருக்கும்? ஆனால் திறந்து வைக்கும் ஆளுக்குக் கொடுத்தது சொற்பத் தொகை, அதுவும் பல ஊர்களில் மாதா மாதம் போய்ச் சேரவில்லை. அவர் வேறு வேலைக்குப் போனார், கதவு பூட்டியது, மழையில் கூரை ஒழுகியது, புத்தகம் ஒன்றோடொன்று ஒட்டிப்போனது. நல்ல எண்ணத்தோடு போட்ட பணம்தான், ஆள் இல்லாததால் வீணாயிற்று. பிற்பாடு இவற்றைப் புதுப்பிக்க அரசே மறுபடி பணம் ஒதுக்க வேண்டி வந்தது.

உங்கள் ஐந்து லட்சத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைக்குச் சதுர அடிக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறைந்து யாரும் கட்டித் தரமாட்டார்கள். நானூறு சதுர அடிக்கே எட்டு லட்சம் ஆகிவிடும். கூரை மட்டம் வரை வந்து நின்றுபோன சுவர்களை எத்தனை ஊரில் பார்க்கிறோம்! அதே ஐந்து லட்சத்தை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டால், ஏழு சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 35,000 ரூபாய், அதாவது மாதம் மூன்றாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதோடு வெளிநாட்டில் இருக்கும் பத்துப் பேர் மாதம் முந்நூறு ரூபாய் அனுப்பினால் ஊரிலேயே பட்டப்படிப்பு முடித்துவிட்டு இருக்கும் ஒரு பெண்ணுக்கு மாலை மூன்று மணி நேர வேலைக்கு மரியாதையான சம்பளம் கொடுக்கலாம். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் 2021-இல் இருந்து மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலர் யாராவது உங்கள் ஊரில் இருப்பார், முதலில் அவரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும், பெற்றோருக்கும் அவர் மேல் நம்பிக்கை உண்டு. பாதி வேலை அதிலேயே முடிந்த மாதிரி.

சரி, இடம்? ஊரைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். பூட்டிக் கிடக்கும் பழைய தொலைக்காட்சி அறை, மகளிர் குழுக் கட்டடம், ஊராட்சி சேவை மையம், ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். கிராம சபையில் தீர்மானம் போட்டு அதைக் கேளுங்கள். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் தலைவர் மாறினாலும், தனி அலுவலர் வந்தாலும் பேச்சு மாறாது. ஓரிரு வருடம் அந்த அறையில் நடத்திப் பாருங்கள். கூட்டம் கொள்ளவில்லை என்றால் அப்போது கட்டுங்கள். மக்கள் ஒரு பங்கு போட, மீதியை அரசு போடும் 'நமக்கு நாமே' திட்டத்திலும் கேட்கலாம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியிலும் கேட்கலாம். நடந்துகொண்டிருக்கும் நூலகத்துக்குக் கேட்கும்போது அதிகாரிகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

பெரியவர் தரும் மூன்று சென்டை இழந்துவிட வேண்டாம், ஆனால் வாய்வார்த்தையாகவும் விட்டுவிட வேண்டாம். சங்கம் ஒன்றைப் பதிவு செய்து (1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும்), இடத்தை அதன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதி வாங்குங்கள். அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் வந்து கேட்டால் பத்திரம்தான் பேசும், பாசம் பேசாது.

இன்னொன்று. சிங்கப்பூர்க்காரர்களிடம் பணம் வாங்கும் முன் அவர்கள் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து முறையாக வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ அனுமதியோ இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. நம் ஊரில் பிறந்தவர்தானே, நம் தெருக்காரர்தானே என்று சட்டம் பார்ப்பதில்லை.

எங்கள் ஊராட்சியில் நூலகக் கட்டடம் இருக்கிறது, ஆனால் வருடக்கணக்கில் பூட்டு. சாவி யாரிடம் என்றே தெரியவில்லை. புதிதாகத் தொடங்குவதா, இதைத் திறக்கச் சொல்வதா?
- ஒரு வாசகி, சங்கராபுரம்

திறக்கச் சொல்லுங்கள், விடாதீர்கள். அது உங்கள் பணத்தில் நிற்கும் கட்டடம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். நூறு ரூபாய் வீட்டு வரிக்குப் பத்து ரூபாய். 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்த காலத்திலிருந்தே நூலக வரி உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுதான், சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பல வருடங்கள் பாடுபட்டார்.

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். அது பொது நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகமா, பகுதி நேர நூலகமா, இல்லை ஊராட்சியே நடத்த வேண்டிய அண்ணா மறுமலர்ச்சித் திட்ட நூலகமா? முதல் இரண்டுக்கும் மாவட்ட நூலக அலுவலரைப் பார்க்க வேண்டும், கடைசியதற்கு வட்டார வளர்ச்சி அலுவலரை. இது தெரியாமல் இரண்டு அலுவலகத்துக்கும் மாறி மாறி அலைந்து ஓய்ந்துபோனவர்கள் நிறையப் பேர். நேரில் கேட்டுப் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு: நூலகத்தின் பொறுப்பாளர் யார், இருப்பில் உள்ள புத்தகங்களின் பட்டியல், கடந்த மூன்று ஆண்டுகளில் செலவிட்ட தொகை. முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். மனு போன பல இடங்களில் பதில் வருவதற்கு முன்பே சாவி வந்துவிடுகிறது!

திறந்ததும் உள்ளே இருப்பதைப் பார்த்து மனம் தளர்ந்துவிடாதீர்கள். கரையான் அரித்ததைத் தனியே எடுத்துவிட்டு, நல்லதை வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் பரப்பி, தூசு தட்டி, சுவரை ஒட்டாமல் நாலு விரற்கடை தள்ளி இரும்பு ரேக்கில் அடுக்குங்கள். மர அலமாரி வேண்டாம், கரையானுக்கு அதுதான் வாசல்.

நூலகம் தொடங்கப்போகிறோம், பழைய புத்தகம் தாருங்கள் என்று வாட்சப்பில் போட்டோம். மூட்டை மூட்டையாக வந்துவிட்டது. பிரித்தால் பாதிக்கு மேல் பழைய கைடு, பொறியியல் பாடப் புத்தகம், பழைய மாத இதழ்கள். ஒதுக்கினால் கொடுத்தவர்கள் வருத்தப்படுவார்களே?
- ஒரு வாசகர், அரூர்

கொடுத்தவர் ஒரு நாள் வருத்தப்படுவார், வைத்துக்கொண்டால் ஊர்ப் பிள்ளைகள் வருடக்கணக்கில் வருத்தப்பட வேண்டியிருக்கும். முதல் தடவை உள்ளே வரும் ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை கையை நீட்டினால் படம் போட்ட, எழுத்து பெரிதாக இருக்கிற, அட்டை கிழியாத ஒரு புத்தகம் அதன் கைக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டாம் தடவை வராது.

இனிமேல் புத்தகம் கேட்காதீர்கள், பணம் கேளுங்கள். இல்லையென்றால் பட்டியல் போட்டு, இதில் ஒன்றை வாங்கித் தாருங்கள் என்று கேளுங்கள். குழந்தைகளுக்கான மெல்லிய புத்தகங்களை நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம், துலிகா, பிரதம் புக்ஸ் எல்லாம் தமிழில் போடுகிறார்கள், பல புத்தகம் ஒரு டீ வடை செலவுக்கு வாங்கிவிடலாம். தடிமனான ஒரு தொகுப்புக்குக் கொடுக்கும் பணத்தில் பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று வைத்துப் படிக்கலாம். பெரியவர்களுக்கு முதலில் இரண்டு நாளிதழ். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். காலையில் பேப்பர் பார்க்க வரும் ஆண்கள்தான் 'நம்ம நூலகம்' என்று பேச ஆரம்பிப்பார்கள். அப்புறம் பயிர், கால்நடை, வீட்டு வைத்தியம், சட்டம் பற்றிய எளிய நூல்கள், நாவல்கள். தொடக்கத்துக்கு ஐந்நூறு நல்ல புத்தகம் தாராளம்.

வந்தவற்றில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான இப்போதைய பள்ளிப் பாடநூல் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

எங்கள் மையத்துக்குக் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள்தான் அதிகம் வருகிறார்கள். சின்னப் பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள் என்று அவர்களை உள்ளே விட வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்ய?
- ஒரு பொறுப்பாளர், ஆலங்குடி பக்கம்

பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள். இளைஞர்களையும் விரட்டாதீர்கள், அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒரே அறை வீட்டில், டிவி சத்தத்தில், ஆடு மாடு பார்த்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு ஒரு மேசையும் மின்விசிறியும் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். குரூப் 4-இல் இருநூறு கேள்வியில் நூறு தமிழ்ப் பகுதியில் வருகிறது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், பயிற்சி மையத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்ட முடியாத பிள்ளைக்குப் பள்ளிப் பாடநூல்தான் முதல் துணை. அதனால்தான் அந்தப் பாடநூல் செட்டை எடுத்து வைக்கச் சொன்னேன்.

நேரத்தைப் பிரியுங்கள். ஐந்திலிருந்து ஏழு வரை பிள்ளைகளுக்கு: சத்தமாகப் படிக்கலாம், கதை சொல்லலாம், தரையில் உட்கார்ந்து படம் வரையலாம். ஏழிலிருந்து பத்து வரை அமைதி நேரம். விடிகாலையிலும் திறக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதோடு, படிக்க வரும் இளைஞர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகளுக்குக் கணக்கோ ஆங்கிலமோ சொல்லித் தர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். பின்னக் கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி விளக்கிவிட்டால், அதே தேர்வில் வரும் திறனறிவுக் கேள்வி அவருக்கே சுலபமாகிவிடும்.

ஊர்த் தெருவில் இருக்கும் நூலகத்துக்கு எங்கள் காலனிப் பிள்ளைகள் போகத் தயங்குகிறார்கள். யாரும் வராதே என்று சொல்வதில்லை. ஆனாலும் போவதில்லை. எங்களுக்கென்று தனியாக ஒன்று தொடங்கிவிடலாமா?
- ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

யாரும் வராதே என்று சொல்லவில்லை என்பதை நம்புகிறேன், சொல்லாமலேயே சொல்லும் வழிகள் எத்தனை என்பதும் தெரியும். கோயிலை ஒட்டிய திண்ணை, யார் எழுந்து யாருக்கு நாற்காலி கொடுப்பது, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், பொறுப்பாளர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரா 'ஏய்' என்கிறாரா, இதையெல்லாம் பிள்ளைகள் ஒரே நாளில் புரிந்துகொண்டுவிடும்.

தொடங்குங்கள், ஆனால் 'எங்களுக்கென்று' என்று பெயர் வைக்காதீர்கள், ஊருக்கே என்று வையுங்கள். முடிந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலோ, பேருந்து நிற்கும் இடத்திலோ, எல்லோரும் எப்படியும் வந்து போகும் இடத்தில் வையுங்கள். நூலகத்துக்கென்று எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதான 'நூல்கள் பயன்படுவதற்கே' என்பதை விளக்கும்போதே ரங்கநாதன் நூலகம் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பேசுகிறார், அவ்வளவு முக்கியம் அது. அப்படி இடம் கிடைக்கவில்லை என்றால் காலனியிலேயே வையுங்கள். நல்ல புத்தகமும் வெளிச்சமும் கணினியும் அங்கே இருந்தால் ஊர்த் தெருப் பிள்ளைகள் அங்கே வரட்டுமே, எப்போதும் ஒரு பக்கத்துப் பிள்ளைகள் மட்டும்தான் நடக்க வேண்டுமா? குழுவில் இரண்டு பக்கத்து ஆட்களும், முக்கியமாகப் பெண்களும் இருக்கட்டும். சாவி ஒரு வீட்டில் மட்டும் இருக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் நூலகத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள், அதுவும் உங்கள் வரியில் நடப்பதுதான்.

பெண்கள் நூலகத்துக்கு வருவதே இல்லை.
- ஒரு வாசகி, கம்பம்

சாயங்காலம் அடுப்படி, பகலில் காட்டு வேலை, எப்போது வருவார்கள்? புத்தகம் அவர்களிடம் போக வேண்டும். கேரளத்தில் நூலகக் கவுன்சிலின் கீழ் பெண்களுக்கும் முதியோருக்கும் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. நம் பக்கத்திலும் 1931-இலேயே மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். மகளிர் குழு கூடும் நாளில் ஒரு பை புத்தகத்தோடு யாராவது போனால் போதும், பத்துப் புத்தகமாவது எடுப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்குப் பிள்ளைகளின் படக்கதைப் புத்தகத்தையே கொடுங்கள், 'பேரனுக்குப் படிச்சுக் காட்டுங்க' என்று சொல்லிக் கொடுத்தால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்வார்கள்.

கணினி வைக்கலாமா? எல்லார் கையிலும் போன் இருக்கும்போது அது தேவையா?
- ஒரு கல்லூரி மாணவர், கடலூர்

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் கணினி வைத்த தகவல் மையங்களை நிறுவத் தொடங்கியது. மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள், எந்த நேரம் கடலுக்குப் போவது என்று தெரிந்துகொள்ள அது உதவியது. 2004-இல் சுனாமி வந்த காலையில் நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரிக்க, மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். உயிர்கள் தப்பின.

இன்றைக்குப் போனில் தகவல் கொட்டுகிறது, உண்மைதான். ஆனால் முதியோர் உதவித்தொகை ஏன் நின்றது என்று பார்ப்பதற்கும், பட்டா நகல் எடுப்பதற்கும், கல்லூரி விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்பதற்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரும் ஆள் வேண்டும். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் தாங்க ஒரு யுபிஎஸ், இவ்வளவு போதும். பத்து கணினி வாங்கி வரிசையாகத் துணி போட்டு மூடி வைக்கும் மையம் யாருக்கும் பயன்படாது. ஜூன் மாதம் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் அந்த ஒரு கணினி முன்னால் அம்மாவும் மகளுமாகக் காத்திருப்பார்கள். அங்கே அவர்களை அவசரப்படுத்தாத ஆளாகப் பார்த்து வையுங்கள்.

புத்தகம் எடுத்துப் போனவர்கள் திருப்பித் தருவதில்லை. அபராதம் போடலாமா?
- ஒரு பொறுப்பாளர், சிவகிரி

பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். ஐந்து ரூபாய் அபராதத்துக்குப் பயந்து அந்தப் பிள்ளை நூலகப் பக்கமே வராது, புத்தகமும் போகும் வாசகரும் போவார். ஒரு நோட்டில் வரிசை எண், தேதி, தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை, எப்படி வந்தது என்று சேர்க்கைப் பதிவேடு போடுங்கள். அதே எண்ணைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் எழுதுங்கள். இன்னொரு நோட்டில் எடுத்தவர் பெயர், தெரு, தேதி. மாதம் ஒரு தடவை அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் ஒரு நடை போய்வந்தால் முக்கால்வாசி வந்துவிடும், வீட்டுக்கு வீடு 'பாப்பா, அந்த யானைப் புத்தகம் படிச்சிட்டியா?' என்று கேட்டால் போதும். வராததை அந்த வருடச் செலவில் எழுதிவிட்டு, அதிகம் பேர் கேட்ட தலைப்பாக இருந்தால் இன்னொரு பிரதி வாங்குங்கள்.